பத்துப் பல், பதினைந்து பல்

நார்பர்ட் பிலார்ஸ்கிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பாட்டு மேசைக்கு அடியில் அவருடைய வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும். மேலே சூப் கிண்ணங்கள் ததும்பும். ஒஹையோவின் டொலிடோவில் அவர் வேலை பார்த்த கார் தொழிற்சாலையில், மதிய இடைவேளையில் மற்றவர்கள் சீட்டாடுவார்கள். இவர் கையில் ரொட்டியும் சாசேஜுமாக வாகன நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்.

"நாப்பத்தாறு வயசாச்சு. இன்னும் சிக்னல்ல நின்னா குதிரை மாதிரி மண்ணைப் பறிக்கிறான்" என்பாள் மனைவி பெர்னிஸ்.

அவருடைய காரும் அப்படித்தான். 1969ஆம் வருடத்துப் பச்சை ஷெவல். விளக்கு பச்சைக்கு மாறியதும் அந்தத் தெருவில் அதை முந்த ஆள் கிடையாது. ஆனால் நெடுஞ்சாலையில் ஏற்றினால் அறுபது மைலுக்கே என்ஜின் ஊளையிடும். பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. ஒரு மணி நேரம் ஓட்டினால் இறங்கிய பிறகும் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் நார்ப் இருபது வருஷத்துக்கு மேலாக அந்தக் காரில் மாவட்ட எல்லையைத் தாண்டியதே இல்லை. எல்லாம் ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்குத்தான்.

காரணம் பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் இரண்டு பல்சக்கரங்கள். பெரியது கிரவுன், அதற்கு நாற்பத்தொரு பல். அதைச் சுழற்றும் சின்னது பினியன். நார்ப்பின் காரில் பினியனுக்குப் பத்துப் பல். அண்ணன் காஸிமிரின் சிவப்பு ஷெவலில் அதே நாற்பத்தொன்றுக்குப் பதினைந்து பல். பத்துப் பல் என்றால் பாய்ச்சல், தூரம் போகாது. பதினைந்து பல் என்றால் சோம்பலாகக் கிளம்பும், பிறகு நாள் முழுக்க ஓசையின்றி ஓடும். காஸ் அந்தக் காரிலேயே ஃபுளோரிடா போனார், தக்கோட்டா மலைகளுக்குப் போனார், கல்யாணம் செய்துகொள்ள மட்டும் போகவில்லை.

இதில் விஷயம் என்னவென்றால், பத்துப் பல் ஆக்ஸில் காஸுடையது. பதினைந்து பல் ஆக்ஸில் நார்ப்புடையது.

1972 ஜூனில் ஒரு சனிக்கிழமை இரண்டையும் மாற்றிப் போட்டார்கள். மறுநாள் மதியம் நார்ப்புக்கு ஒரு பந்தயம் இருந்தது. "ஞாயித்துக்கிழமை ராத்திரி திருப்பித் தந்துடணும்" என்று காஸ் சொன்னார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே க்ளீவ்லேண்ட் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. அப்பாவுக்கு முடியவில்லை, உடனே வாருங்கள். ஒருவர் காரில் மற்றவர் உட்கார மாட்டார், அந்த வயது அப்படி. இரண்டு காரும் கொட்டுகிற மழையில் கிளம்பின. போகப் போக காஸின் பின்விளக்கு சிறுத்து, மழைக்குள் மறைந்துவிட்டது. காஸ் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்கு நினைவு இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நார்ப் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

மருத்துவமனை நடையிலேயே நார்ப் சொன்னார்: "ஓடிட்டல்ல? நீ மட்டும் பாக்கணும்னு ஓடிட்டல்ல?"

"நானா ஓடினேன்? சவ வண்டி மாதிரி உருட்டிக்கிட்டு வந்தது நீடா."

அதோடு முடிந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் முந்தின நாளும் போலந்துக்காரர் வழக்கப்படி ஆசீர்வதித்த அப்பத்தை ஒருவருக்கொருவர் பிட்டுக் கொடுத்து, "உடம்பு நல்லா இருக்கட்டும்" என்பார்கள். அவ்வளவுதான். ஆக்ஸிலை யாரும் கேட்கவில்லை. முதலில் கேட்பவன் தோற்றவன். ஸ்பீடோமீட்டர் எண்ணுவது கியர்பெட்டியின் சுழற்சியை, சக்கரத்தின் சுழற்சியை அல்ல; அதனால் ஆக்ஸிலை மாற்றிப் போட்டதும் இருவருடையதும் பொய் சொன்னது. கியர்பெட்டியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் சக்கரத்தை மாற்றினால் சரியாகிவிடும். அதையும் இருவரும் செய்யவில்லை. செய்தால் ஆக்ஸில் நிரந்தரமாகத் தங்கிவிட்டதாக ஒப்புக்கொண்டதாகிவிடுமே. நார்ப் முள் காட்டுவதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வார். காஸ் முள் காட்டுவதோடு பாதியைக் கூட்டிக்கொள்வார். இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓட்டினார்கள்.

1994 ஜூலையில் நார்ப்பின் மகள் டெனீஸ் நாக்ஸ்வில்லிலிருந்து கூப்பிட்டாள். அங்கேதான் அவளுக்கு வேலை, அங்கேதான் மாப்பிள்ளை, அங்கேதான் கல்யாணம்.

"அப்பா, நான் பச்சைக் கார்லதான் சர்ச்சுக்குப் போவேன். தோழிங்க எல்லாம் சிவப்புக் கார்ல."

"சிவப்புக் காரு உங்க பெரியப்பாகிட்ட இருக்கு."

"தெரியும். அவர்தான் என் ஞானத் தகப்பன். ரெண்டு பேரும் ஒண்ணா வந்து இறங்கணும். ஒருத்தர் முன்னாடி ஒருத்தர் பின்னாடின்னு வந்தீங்கன்னா நான் வாடகைக் கார்ல போயிக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லலை. சின்ன வயசுலேர்ந்து நீங்க ரெண்டு பேரும் அப்பம் பிட்டுக்கிறதைப் பாத்துப் பாத்து எனக்குச் சலிச்சுப்போச்சு."

தொலைபேசியை வைத்த பிறகு நார்ப் வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடந்தார். திரும்ப நடந்தார். பெர்னிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே துணி மடித்தாள்.

"எட்டு மணி நேரம் அந்த ஊளையோட நான் வர மாட்டேன். உன் கியரை வாங்கி மாட்டு. இல்லைன்னா நான் பஸ்ல போறேன், நீ தனியா ஊளையிட்டுக்கிட்டு வா."

"அவன்கிட்ட போய்க் கேக்கணுமே."

"கேளேன். வாய் தேஞ்சா போகும்?"

காஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தார். நார்ப் அந்தத் தெருமுனைவரை மூன்று முறை போய்த் திரும்பினார். நான்காவது முறை காஸே வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"பெட்ரோல் ஃப்ரீயா கிடைக்குதா? போறதும் வாறதுமா இருக்க."

"டெனீஸுக்குக் கல்யாணம்."

"என்கிட்டயும் பேசினா. ஒண்ணா வரணுமாம்."

"ஆமா."

நார்ப்பின் கால் நடைபாதைக் கல்லை உதைத்துக்கொண்டிருந்தது. காஸ் அதைப் பார்த்தார், பிறகு கொட்டகைக் கதவைத் தூக்கினார். தரையில் நான்கு ஸ்டாண்டுகள், இரண்டு ஜாக்கி, எண்ணெய் பிடிக்கத் தகரத் தட்டு, எல்லாம் வரிசையாக இருந்தன.

"இருபத்திரண்டு வருஷமா என் சாமானை வச்சிருக்க. கொண்டாந்து குடு."

"நீ மட்டும் என்னதை முத்தமிட்டுத் திருப்பி அனுப்பினியா?"

"நீ கேக்கலையே."

"நீயும்தான் கேக்கலை."

யார் முதலில் கேட்டது என்பது இப்படித் தெளிவில்லாமலே போனது. இருவருக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் வேலை நடந்தது. கிரவுனும் பினியனும் சேர்ந்தே தேய்ந்தவை, அவற்றைப் பிரிக்கக் கூடாது. அதனால் ஆக்ஸிலைத் திறந்து பல்லைத் தொடாமல், மொத்தமாகக் கழற்றி மொத்தமாக மாட்டுவது என்று முடிவு. இரண்டு காரும் பின்பக்கம் தூக்கி நின்றன. பிரேக் குழாயின் நட்டு துருப்பிடித்து அசைய மறுத்தது. நார்ப் ஸ்பானரைப் போட்டு எகிறினார்.

"ஏறி மிதிக்காத! நட்டு உருண்டுபோச்சுன்னா குழாயையே மாத்தணும். எண்ணெய் விட்டா ஊறவிடு."

"ஊறிக்கிட்டுதான் இருக்கு, எழுபத்திரண்டுலேர்ந்து."

காஸுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை மறைக்கக் காருக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டார்.

பழைய கியர் ஆயில் கெட்ட முட்டையும் கந்தகமும் கலந்த நாற்றத்தோடு தட்டில் வழிந்தது. அது சட்டையில் பட்டால் பெர்னிஸ் வாசலிலேயே கழற்றச் சொல்வாள். ஸ்பிரிங் இறங்கியது, ஷாக் அப்சார்பர் கழன்றது, ஆக்ஸில் ஜாக்கியின் மேல் ஆடியபடி வெளியே வந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அடுத்த காருக்குக் கொண்டுபோனார்கள். நார்ப்புக்கு அவசரம். ஆக்ஸிலைக் காரோடு பிணைக்கும் தாங்கு கைகளின் போல்ட்டுகளைக் கார் அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கிவிடப் பார்த்தார்.

"டேய், இறக்கி வச்சு, வண்டிப் பாரம் சக்கரத்துல உக்காந்தப்புறம்தான்டா இறுக்கணும். இல்லைன்னா ரப்பர் புஷ்ஷு முறுக்கிக்கிட்டே சாகும்."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் இறுக்குற?"

"கை சும்மா இருக்கலை."

புது எண்ணெய் ஊற்றியதும் கடைசியாக ஒரு சடங்கு பாக்கி இருந்தது. ஆக்ஸில் நடுவே இருக்கும் இந்த வகைப் பல்சக்கரப் பெட்டிக்குள் தட்டுத் தட்டாகக் கிளட்ச் இருக்கும். புது எண்ணெய் அதற்குள் ஊறாவிட்டால் வளைவில் கடகடவென்று அடித்துக்கொள்ளும். அதனால் மெதுவாக எட்டுப் போட்டு ஊறவைக்க வேண்டும். சர்ச் மைதானத்தில் பச்சைக் காரும் சிவப்புக் காரும் ஒன்றையொன்று சுற்றி எட்டுப் போட்டன. பாவசங்கீர்த்தனத்துக்கு வந்திருந்த பெண்கள் படியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அடித்துக்கொண்டிருந்த சத்தம் மெல்லக் குறைந்து நின்றது. இருவரும் நடந்து போகிற வேகத்துக்கு மேல் போகவில்லை. அன்று யாரும் நெடுஞ்சாலைக்குப் போய்ப் பார்க்கவும் இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை கிளம்பினார்கள். பெர்னிஸ் ரொட்டியும் சாசேஜும் வெள்ளரி ஊறுகாயும் கட்டி எடுத்துக்கொண்டாள். காஸ் பின்னால் தன் காரில் தனியாக.

"அறுபத்தஞ்சுல போவோம். முந்தாத, பிந்தாத" என்றார் காஸ்.

"நீ பிந்தாம இருந்தா போதும்" என்றார் நார்ப்.

தெற்கே போகும் எழுபத்தைந்தாம் எண் நெடுஞ்சாலையில் பச்சைக் கார் ஏறியது. நார்ப்புக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என்ஜின் அதே சத்தம்தான் போட்டது, இருபத்திரண்டு வருஷம் கேட்ட அதே ஊளை. ஆனால் உலகம் என்னமாய் நகர்ந்தது! சோளக்கொல்லைகள் ஓடின, தானியக் கிடங்குகள் ஓடின. ஒரு லாரியைத் தாண்டினார், இன்னொன்றைத் தாண்டினார்.

"பாத்தியா? இதான் பதினஞ்சு பல்லு. எல்லாரும் நிக்கிற மாதிரி இருக்கு பாரு."

பெர்னிஸ் ஸ்பீடோமீட்டரைப் பார்த்தாள். "நார்ப், தொண்ணூத்தஞ்சு காட்டுது."

"மூணுல ஒரு பங்கைக் கழி. இத்தனை வருஷமா என்கூட உக்காந்து வர்ற, இன்னும் கணக்குத் தெரியலையா? அறுபத்தி மூணு."

"ஓ" என்றாள். பிறகு, "எனக்கென்னமோ வேகமா இருக்கு."

"எந்தக் காலத்துல நீ வேகமா இல்லைன்னு சொல்லியிருக்க?"

கண்ணாடியில் சிவப்புக் கார் சிறுத்துக்கொண்டே வந்தது. ஒரு புள்ளியானது. பிறகு புள்ளியும் இல்லை.

நார்ப் கண்ணாடியைத் திருகி மறுபடி பார்த்தார். "ஆரம்பிச்சுட்டான் பாரு. வேணும்னே உருட்டுறான்."

"மெதுவாப் போயேன்."

"அறுபத்தி மூணுல போறேன், இதுக்கு மேல மெதுவாப் போனா எறங்கித் தள்ளணும்!"

ஃபிண்ட்லே ஊரைத் தாண்டிச் சாலையோர ஓய்விடத்தில் காரை நிறுத்தினார். இறங்கி நடந்தார். காப்பி எந்திரம் வரை போனார், சாலை விளிம்பு வரை வந்தார். ஒவ்வொரு சிவப்புக் காரையும் எட்டிப் பார்த்தார். பெர்னிஸ் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டாள்.

"வருவார். உக்காரு."

"வர மாட்டான். திரும்பிப் போயிருப்பான். அன்னிக்கு ஓடினான், இன்னிக்குப் பதுங்கிட்டான். டெனீஸ்கிட்ட என்னன்னு சொல்ல? உங்க பெரியப்பா பாதி வழியில கழண்டுக்கிட்டாருன்னா?"

"கொஞ்ச நேரம் பொறேன்."

பொறுக்க முடியவில்லை. அவர் ஏறி உட்கார்ந்து என்ஜினை எழுப்பிவிட்டார். பெர்னிஸ் பாதி ரொட்டியோடு ஓடிவந்து ஏறினாள். சில மைல் போயிருப்பார்கள். பின்னால் காவல் காரின் விளக்குகள் சுழன்றன.

தொப்பி போட்ட பெண் காவலர் ஜன்னலருகே குனிந்தார். "எவ்வளவு வேகத்துல வந்தீங்கன்னு தெரியுமா சார்?"

"அறுபது, அறுபத்தி மூணு."

"தொண்ணூத்தி நாலு."

"உங்க ரேடார் கெட்டுப்போச்சும்மா."

"அது நேத்துதான் பரிசோதனை பண்ணினது."

பெர்னிஸ் ஊறுகாயைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

காவலர் தன் காரில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது சிவப்புக் கார் வந்தது. ஓரங்கட்டி நின்றது. காஸ் இறங்கி வந்த வேகத்தில் அவருடைய தொப்பி பறந்து புல்லில் விழுந்தது. எடுக்கக்கூட நிற்கவில்லை.

"ஓடிட்டல்ல? ஒண்ணாப் போகணும்னு அந்தப் பொண்ணு கெஞ்சிக் கேட்டும் ஓடிட்டல்ல?"

"நானா ஓடினேன்? சவ வண்டி மாதிரி உருட்டிக்கிட்டு வந்தது நீ!"

பெர்னிஸ் காரை விட்டு இறங்கினாள். "ஆக்ஸிலோட சேத்து வார்த்தையையும் மாத்திக்கிட்டீங்களா ரெண்டு பேரும்?"

லாரி ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு போனது.

"காஸ், உங்க முள்ளு என்ன காட்டுச்சு?" என்று கேட்டாள்.

"நாப்பத்தி நாலு. பாதி கூட்டினா அறுபத்தாறு. சரியாத்தான் வந்தேன். என்னமோ இன்னிக்கு எல்லாப் பயலும் ஹாரன் அடிச்சுக்கிட்டே என்னைத் தாண்டிப் போறான்."

"எதுக்குப் பாதி கூட்டினீங்க?"

"எப்பவும் கூட்டுறதுதானே. அந்த ஆக்ஸிலுக்கு..." அவர் தன் காரின் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு நார்ப்பின் காரைப் பார்த்தார்.

ஆக்ஸில் ஊர் திரும்பிவிட்டது, முள் உண்மை பேச ஆரம்பித்துவிட்டது. கழிப்பவர் இன்னும் கழித்துக்கொண்டிருந்தார், கூட்டுபவர் இன்னும் கூட்டிக்கொண்டிருந்தார். காதும் கூடவே சாட்சி சொன்னது; பழகிய சத்தம் வரும்வரை இருவரும் மிதித்திருந்தார்கள்.

"அட முட்டாப் பயலே" என்றார் காஸ். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

நார்ப் சிரிக்கவில்லை. சாலையோரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் ஆடவில்லை என்பதைப் பெர்னிஸ் கவனித்தாள். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"காஸ், அப்பாவைப் பாக்கப் போனோமே. அன்னிக்கு உன் முள்ளு என்ன காட்டுச்சு?"

"அதை எதுக்கு இப்ப..."

"சொல்லு."

காஸ் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. "அறுபது. எழுபது போகலாம்னு சட்டம், ஆனா நான் அறுபதைத் தாண்டலை. மழை. நீ பின்னாடி வரணும்னு அறுபதுலயே புடிச்சேன்."

"தொண்ணூறு" என்றார் நார்ப். "நீ தொண்ணூறுல போயிருக்க. முந்தின நாள்தான் மாத்தினோம்."

"நீ?"

"எழுபது. உன்னைப் புடிச்சிடணும்னு எழுபதைவிட்டு முள்ளு இறங்க விடலை. என்ஜின் தலையைப் பிச்சுக்கிட்டு கத்துச்சு. ரேடியேட்டர் வெடிச்சுடும்னு நெனைச்சேன்." மனதுக்குள் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தார். "நாப்பத்தி ஏழுல போயிருக்கேன்."

முள் பொய் சொல்கிறது என்பது அந்த வாரமே இருவருக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு காலையை மட்டும் இருவரும் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதற்கு வேறு காரணம் ஏற்கெனவே கையில் இருந்தது. அண்ணன் ஒரு சுயநலக்காரன், தம்பி ஒரு வீம்புக்காரன்.

"கையைப் புடிச்சுக்கிட்டு உன்னைத்தான்டா கேட்டார்" என்றார் காஸ். "நார்ப் எங்கன்னார். பின்னாடியே வர்றான்பா, இதோ வந்துட்டான்னேன். நான் பொய் சொல்லலைன்னு காட்ட வாசலைப் பாத்துக்கிட்டே நின்னேன். நீ வரலை. அதான்டா எனக்கு ஆத்திரம்."

நார்ப் புல்லுக்குள் இறங்கி, காஸின் தொப்பியை எடுத்து, முழங்காலில் தட்டிக் கொடுத்தார். காஸ் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். பெண் காவலர் சீட்டோடு வந்து நின்றார்.

"ரெண்டு பேருக்கும் ஏதாவது பிரச்சினையா?"

"இருபத்திரண்டு வருஷமா ஒரு சின்னப் பல்சக்கரம்தாம்மா பிரச்சினை" என்றார் காஸ்.

"இந்தச் சிவப்புக் காரு ஊர்ந்துக்கிட்டு வருதுன்னு ரெண்டு பேர் புகார் சொல்லியிருக்காங்க. அவரையும் தேடிக்கிட்டுதான் இருந்தேன்."

அதற்கப்புறம் காஸ் முன்னால் போனார், நார்ப் பின்னால். முள் காட்டுவதை அப்படியே நம்புவது என்று ஒப்பந்தம். அது எளிதாக இல்லை. அறுபத்தைந்தில் நார்ப்புக்குக் கார் ஊர்வது போல இருந்தது; என்ஜின் தூங்கிவிட்டதோ என்று பயந்தார். கால் மிதியைத் தேடித் தேடி அழுத்தியது.

"எழுபத்தொண்ணு" என்பாள் பெர்னிஸ். "கழிக்காத. எழுபத்தொண்ணுன்னா எழுபத்தொண்ணு."

முன்னால் சிவப்புக் கார் வேறு விதமாகத் துடித்தது. அறுபத்தைந்தில் அது போட்ட சத்தத்துக்குக் காஸ் அடிக்கடி காலை எடுப்பதும், பிறகு நினைவு வந்து மிதிப்பதும் பின்விளக்கின் தூரத்திலேயே தெரிந்தது. கென்டக்கியில் பெட்ரோல் போட நின்றபோது அவர் காதுக்குள் விரலை விட்டு ஆட்டிக்கொண்டு இறங்கினார்.

"இந்தச் சத்தத்தோட எப்படிடா குடித்தனம் பண்ணின?"

"என்னது?"

"இந்தச் சத்தத்தோட... ஒண்ணுமில்லை. உனக்கும் காது போயிடுச்சு."

மலைப்பாதையில் சிவப்புப் பின்விளக்குகள் பெரிதாவதும் சிறிதாவதுமாக இருந்தன, மறையவில்லை. நாக்ஸ்வில்லில் டெனீஸ் வாசலுக்கு ஓடி வந்தபோது இரண்டு காரும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நடைபாதை ஓரத்தில் நின்றன. அவள் இரண்டு பானெட்டிலும் கை வைத்துப் பார்த்தாள். இரண்டும் சுட்டன.

"ஒண்ணாத்தான் வந்தீங்களா? சத்தியமா?"

"கேட்டுப் பாரு, ஒஹையோ போலீஸுக்கே தெரியும்" என்றாள் பெர்னிஸ்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டாரோடு பெரிய மேசையில் விருந்து. சூப் வந்தது. கிண்ணங்கள் ததும்பின, மேசைவிரிப்பில் பொட்டுப் பொட்டாகச் சிந்தியது. சம்பந்தியம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தாள்.

பெர்னிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். "நார்ப், காலை நிறுத்து."

"நான் இல்லை" என்றார் நார்ப்.

அவள் விரிப்பைத் தூக்கிக் கீழே பார்த்தாள். நார்ப்பின் கால் தரையில் அசையாமல் இருந்தது. அதன் பாதம் காஸின் பூட்ஸ் மேல் ஏறி அழுத்திக்கொண்டிருந்தது. நாள் முழுக்கப் பத்துப் பல்லோடு வந்த காஸின் கால், அந்த அழுத்தத்துக்கும் அடங்காமல் துடித்துக்கொண்டிருந்தது.